என் பேரை நான் சொல்லுகேன்

புதுக்கடை,
20 ஜனவரி 2025

பிரிஜா,

கிழித்துப் போடுவதாக இருந்தால் முதல் பக்கத்தையாவது படித்துவிட்டுக் கிழி.

நீ என்னை பிளாக் செய்துவிட்டாய். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் விழுந்து அப்படியே கிடக்கிறது. ஈமெயிலுக்கும் பதில் இல்லை. என்னிடம் மிச்சமிருப்பது அந்த ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்தின் முகவரிதான். நம் இரண்டு விண்ணப்பத்திலும் அதைத்தானே எழுதினோம். இன்று மத்தியானம் தபால் ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். ஸ்பெயினுக்கு என்றதும் கவுண்டரில் இருந்த அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "அங்க ஆரு பிள்ளே இருக்கா?" என்றார். கூட்டுக்காரி என்று சொல்லத் தொடங்கினேன். நாக்கு 'கூ'விலேயே நின்றுவிட்டது. பின்னால் நின்றவர் பொறுக்கமாட்டாமல், "கூடப்பெறந்தவளா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இனி இந்த ஊரில் எனக்கு ஸ்பெயினில் ஒரு அக்கா உண்டு.

காகிதத்தில் எனக்குத் திக்காது. அந்த வகையில் நீ என்னை பிளாக் செய்தது நல்லதுதான்.

ஆபீசில் உன் மேசையை எனக்குத்தான் தந்திருக்கிறார் ரசலையன் சார். கணவாய் மீன் ஏற்றுமதிப் பேப்பர் எல்லாம் இப்போது என் தலையில். டிராயரைத் திறந்தால் நீ ஒட்டிவைத்த ஸ்பானிஷ் வினைச்சொல் பட்டியல். எடுக்க மனம் வரவில்லை. போன சனிக்கிழமை சந்தையில் உன் அம்மாவைப் பார்த்தேன். "ஏம் மக்கா கடியப்பட்டணத்துப் பக்கமே வாறதில்ல? ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று ஞானபாயம்மா நேராகவே கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் வாங்காமலே திரும்பினேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு மெயில் வந்திருக்கிறது. என் இடத்தை ரத்து செய்யாமல் ஜூன் வகுப்புக்கு மாற்றி வைத்திருக்கிறார்களாம். ஏப்ரல் முடிவதற்குள் விசாவோடு பதில் சொல்ல வேண்டுமாம். நான் யாரிடமும் கேட்கவில்லை. நீயா?

கொச்சியில் உன்னை விட்டுவிட்டு நான் ஏன் திரும்பிவந்தேன் என்று எழுதத் தொடங்கி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இந்தத் தாளும் வீணாகிவிடும், அதனால் அதை எழுதவில்லை.

அங்கே குளிரா? ஸ்வெட்டர் போதுமா?

பூங்கனி


காதிஸ்,
6 பிப்ரவரி 2025

பூங்கனி,

கிழிக்கவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஆசிரியை கொண்டுவந்து நீட்டினாள், எப்படிக் கிழிப்பது? இந்தியாவிலிருந்து கடிதமா என்று ஆளாளுக்கு ஸ்டாம்பைத் தடவிப் பார்த்தார்கள்.

ஸ்வெட்டர் போதும். நீ ஒன்றும் என் ஸ்வெட்டரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கொச்சி விசா அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் நான் நின்றேனே, அன்றைக்குக் கவலைப்பட்டிருக்கலாம். நீ பாத்ரூமுக்குப் போயிருக்கிறாய் என்று நினைத்தேன். வாசலில் போய் நின்று, "ஏட்டி பூங்கனி, உள்ள இருக்கியா?" என்று கத்தினேன். உள்ளேயிருந்து ஒரு மலையாளத்துக்காரி "இல்லா" என்றாள். நீ அப்போது குழித்துறைக்கு ரயில் ஏறியிருப்பாய். ஒன்பது நாள் போன் எடுக்கவில்லை. பத்தாவது நாள் மூன்றே வார்த்தை: "நான் வரல்ல. போ." அதற்கு பிளாக் பண்ணாமல் பூமாலையா போடுவார்கள்?

மூன்று வருடம், பூங்கனி! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் பஸ் பிடித்து வருவேன், நீ அய்யாவழித் தாங்கலில் பணிவிடை முடித்து வருவாய். சிதறால் மலைமேல் அந்தச் சமணச் சாமிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பைத்தியம் என்று நினைக்க, இரண்டு பேரும் ஸ்பானிஷ் பேசுவோம். நம்மில் நன்றாகப் பேசுகிறவள் நீ. நான் பேசினால் ஐஸ் பெட்டியை லாரியிலிருந்து இறக்குகிற சத்தம் வரும். ஆனால் இங்கே வந்து நிற்பது நான்! வகுப்பில் ஆசிரியை ஏதாவது கேட்டால் பழக்கத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்க்கிறேன். அங்கே ஒரு ஜெர்மன்காரன் உட்கார்ந்திருக்கிறான்.

நீ பயந்துவிட்டாய். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

ஊர் நம் ஊர் மாதிரிதான். மூன்று பக்கமும் கடல், ஜன்னல் கம்பியெல்லாம் உப்பில் துரு. மார்க்கெட்டில் கணவாயைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பேக்கிங் லிஸ்டில் நாம் எழுதிய சொல் இங்கே யார் வாயிலும் இல்லை. 'சோக்கோ' என்கிறார்கள். பேச்சு படு வேகம், பாதி எழுத்தை விழுங்கிவிடுகிறார்கள். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி சாரோ நல்லவள், தங்கமானவள், ஆனால் வந்த நாளிலிருந்து எனக்குக் கொண்டைக்கடலை போடுகிறாள். ஏன் என்று தெரியவில்லை.

உன் இடத்தைப் பற்றி: ஆமாம், நான்தான். ரத்து செய்யச் சொல்லத்தான் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போனேன். வாயில் வந்தது வேறு. வரப்போவதில்லை என்றால் நீயே மெயில் போட்டு ரத்து செய்துகொள். அந்த வேலையையும் நான் செய்யமாட்டேன்.

பிரிஜா

அம்மாவுக்கு மீன் வாங்காமல் போனால் பிடிக்காது. அடுத்த தடவை வாங்கு.


புதுக்கடை,
20 பிப்ரவரி 2025

பிரிஜா,

உன் அம்மாவிடம் சாளை வாங்கினேன். எடைக்கு மேல் அள்ளிப் போட்டார்.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். ஒன்று புரிந்தது. கொச்சியில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியவே தெரியாது. அங்கேயே நின்றிருந்தாய், ஆனாலும் தெரியாது. அதனால் இன்று சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. பெயர் என்ன? எனக்கு இந்த உலகத்திலேயே கஷ்டமான கேள்வி அது. வேறு எந்த வார்த்தை தொண்டையில் நின்றாலும் மாற்று வார்த்தை போட்டுத் தப்பித்துவிடுவேன். பஸ் வராது, வண்டி என்பேன். பேருக்கு மாற்றுப் பேர் ஏது? அப்பா ஆசையாகப் பூங்கனி என்று வைத்தார். கூட்டுக்காரியாவது வேறு எழுத்தில் கிடைத்தாளா என்றால் அவளும் பிரிஜா. நான் உன்னை ஏட்டி என்றே கூப்பிடுவது பாசத்தில் மட்டும் இல்லை.

அன்றைக்கு 'பூ' நின்றது. ஆனால் வந்துகொண்டிருந்தது, பிரிஜா. எனக்குத் தெரியும், வரும்போது தொண்டைக்குள் ஓர் இளக்கம் இருக்கும். இன்னும் நாலு நொடி போதும். நீ பக்கத்துக் கவுண்டரிலிருந்து எட்டி, அந்த ஹால் முழுக்கக் கேட்கும்படி, "பூங்கனி. அவளுக்குத் திக்கும் சார், நான் சொல்லுகேன்" என்றாய். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்க வயசு, எனக்க அப்பா பேரு, எனக்க வேலை, எல்லாம் உன்னிடம் கேட்டார். நீயும் சொன்னாய். என் பைல் என் கையில் இருந்தது. உன் பக்கம் அழைத்தார்கள், நீ திரும்பினாய். நான் நடந்துவிட்டேன்.

நீ நல்லதுக்குத்தான் செய்தாய். பள்ளிக்கூடத்தில் 'கொன்னை' என்று கூப்பிட்டவனை நீ அடித்ததை நான் மறக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் நீதான் பேசினாய், அந்த மாப்பிள்ளை உன்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பியதையும் மறக்கவில்லை. ஆனால் கொச்சியில் எனக்கு ஒன்று தோன்றியது. கடல் தாண்டிப் போனாலும் இவள் பக்கத்தில் நின்று என் பேரைச் சொல்வாள். நான் தலையாட்டிக்கொண்டே ஊர் சுற்றித் திரும்புவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் பெரியது.

ஸ்பானிஷில் எனக்குத் திக்காது. நீ கவனித்ததில்லை. முதல் பாடத்தில் 'மே யாமோ' என்று வந்ததே, என் பேர் இன்னது என்று சொல்கிற வாக்கியம். சிதறால் மலையில் முதல் நாள் அதைச் சொன்னேன். மே யாமோ பூங்கனி. வழுக்கிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவை. தாங்கலில் எல்லோரோடும் சேர்ந்து உகப்படிப்பு சொல்லும்போதும் திக்காது, ஆனால் அங்கே யாரும் என் பேரைக் கேட்பதில்லை. மூன்று வருடம் நான் படித்தது வேலைக்காக இல்லை, ஊர் பார்க்கவும் இல்லை. அந்த மொழியில் நான் திக்காதவள். நிஜமான ஸ்பானிஷ்காரர்கள் முன்னால் போய் நின்று அங்கேயும் திக்கிவிட்டால்? இருக்கிற ஒரே இடமும் போய்விடும்.

நீ சொன்னது சரி, பயந்தேன். ஆனால் நீ நினைத்த பயம் இல்லை.

பூங்கனி


காதிஸ்,
5 மார்ச் 2025, சாம்பல் புதன்

ஏட்டி,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. இரண்டு நாளும் மனதுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். மூன்று வருடம் பக்கத்தில் இருந்தேன், ஒரு வார்த்தை சொன்னாயா? சொன்னால்தானே தெரியும்? பிறகு, நீ சொல்ல வாயெடுத்திருப்பாய், நான்தான் முடித்துவைத்திருப்பேன் என்று தோன்றியது. சண்டையை நிறுத்திவிட்டேன்.

கொண்டைக்கடலைக் கதை தெரிந்துவிட்டது. வந்த முதல் நாள் சாரோ, உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். எனக்குப் பிடித்தது என்று தொடங்கி, மீன் என்ற சொல் அவசரத்துக்கு வராமல் தேடிக்கொண்டிருந்தேன். அவள் பொறுக்காமல், கொண்டைக்கடலையா என்று முடித்தாள். நான் கையாலாகாமல் சிரித்தேன். அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் அப்படித்தான். குளிரைப் பற்றிச் சொல்ல வந்தால் வீட்டு ஞாபகம் என்று முடிப்பாள். பல்வலி என்று சொல்ல வந்தேன், தூக்கம் என்று நினைத்துப் படுக்கையைத் தட்டிப் போட்டாள். வெறுத்துப் போய்விட்டது. ஒரு நாள் கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு அறைக்குள் போய்விட்டேன். எதற்கு இந்தக் கோபம் என்று அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. உன் கடிதம் வந்த பிறகு புரிந்தது. நான் முப்பது வயதில் ஒன்றரை மாதம் பட்டதை நீ பேசக் கற்ற நாளிலிருந்து படுகிறாய். அதில் பாதிக்கு மேல் என்னால்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். உனக்கு உதவி என்று மட்டும் நான் முடித்துவைக்கவில்லை. நீ நிற்கும்போது வருகிற அந்த அமைதி என்னால் தாங்க முடியாது. எனக்கு நெஞ்சு படபடக்கும். அது எனக்க சௌகரியத்துக்குச் செய்த வேலை. மன்னித்துவிடு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

இன்று நடந்ததைக் கேள். சாம்பல் புதனாச்சே என்று காலையில் கோவிலுக்குப் போனேன். உபவாசம். நெற்றியில் சிலுவை வரைவார்கள் என்று தலையை நிமிர்த்திக் காட்டினால், சாமியார் உச்சந்தலையில் சாம்பலைத் தூவிவிட்டார். கண்ணெல்லாம் சாம்பல். கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தால் தெருவில் கார்னிவல்! சாம்பல் புதன் வந்தும் இந்த ஊரில் கூத்து ஞாயிறு வரை நிற்காதாம். மூஞ்சியில் சாயம் பூசிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் மேயரைக் கிண்டல் செய்து பாடுகிறார்கள். நான் தவக்கால முகத்தோடு நடுவில் மாட்டிக்கொண்டேன். என்ன வேஷம் போட்டிருக்கிறாய் என்று ஒருத்தி கேட்டாள். கடியப்பட்டணத்துக்காரி வேஷம் என்றேன். பிரமாதம் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள். உடனே உன்னிடம் சொல்லவேண்டும் போல இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

பிளாக்கை எடுத்துவிட்டேன். போன் செய்.

பிரிஜா


புதுக்கடை,
22 மார்ச் 2025

பிரிஜா,

போன் வேண்டாம். போனில்தான் எனக்குத் திக்கு அதிகம், முகமும் தெரியாது. கடிதமே இருக்கட்டும். உன் மன்னிப்பை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சாம்பல் கதையை ஞானபாயம்மாவிடம் சொன்னேன், நின்று நின்று சொன்னேன், அவர் மீன் வெட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டுவிட்டு, "மேயரப் பாடுனா போலீசு பிடிக்காதா?" என்றார்.

இப்போது கெட்ட செய்தி. போய்விட்டது, பிரிஜா.

பன்னிரண்டாம் தேதி ஸ்பெயினிலிருந்து சரக்கு வாங்குகிற கம்பெனியின் ஆள் வந்தார். மெர்சேதஸ் என்று ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும். ரசலையன் சார் என்னைக் கூப்பிட்டு, "நீதான ஸ்பானிஷ் படிச்ச பிள்ள, பேசு" என்று முன்னால் நிறுத்தினார். மே யாமோ என்றேன். அடுத்தது வரவில்லை. ஸ்பானிஷிலும் நின்றுவிட்டது. தமிழில் நிற்பதைவிட மோசமாக. சார் வாயைத் திறந்தார், நான் முறைத்தேன் போலிருக்கிறது, மூடிக்கொண்டார். அந்த அம்மா அவசரப்படவில்லை. பாவம் என்று முகத்தைச் சுளிக்கவும் இல்லை. மேசைமேல் இருந்த கணவாய் சாம்பிளைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். எவ்வளவு நேரமோ. கடைசியில் பூங்கனி வந்தது. அவர் தலையசைத்துவிட்டு, சரி பூங்கனி, ஃப்ரீசர் அறையைக் காட்டு என்றார். அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் சுற்றினோம். நான் முப்பது இடத்தில் திக்கியிருப்பேன். கிளம்பும்போது, போன வருடம் வந்த சரக்கில் ஐஸ் அதிகம் என்று என்னிடம் சண்டையே போட்டார். நானும் விடவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். மூன்று வருடமாகப் பொத்தி வைத்திருந்தது உடைந்துவிட்டதே என்று அழுதேன். பள்ளிக்கூடத்துக்கு, இடம் வேண்டாம் என்று மெயில் எழுதிவைத்தேன். காலையில் அனுப்பலாம் என்று விட்டேன். காலையில் எழுந்தால் அந்த ஐஸ் சண்டைதான் ஞாபகம் வந்தது. ஸ்பானிஷில் ஒருத்தியோடு சண்டை போட்டிருக்கிறேன், திக்கித் திக்கி. ஜெயிக்கவும் செய்தேன். மெயிலை அனுப்பவில்லை.

ஏப்ரல் பதினொன்றுக்கு கொச்சியில் நேரம் வாங்கியிருக்கிறேன். போவேனா என்று சத்தியமாகத் தெரியாது. அப்பா கூட வருகிறேன் என்கிறார், வேண்டாம் என்றுவிட்டேன். நீயும் ஒன்றும் செய்யாதே. விசா ஆபீசுக்கு எழுதாதே, போன் போடாதே, யாரையும் துணைக்கு அனுப்பாதே. உன்னை எனக்குத் தெரியும்.

பூங்கனி


காதிஸ்,
4 ஏப்ரல் 2025

ஏட்டி,

உனக்கு என்னை நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. ஜூன் வகுப்புக்கு நீ விசா எடுக்கப் போனால் உதவட்டும் என்று, அந்த ஆபீசுக்கு எழுதியே வைத்திருந்தேன். "என் தோழிக்குத் திக்கும், தயவுசெய்து பொறுமையாகக் கேட்கவும்" என்று மூன்று பத்தி. அனுப்புவதற்கு முன் உன் கடிதம் வந்தது. அழித்துவிட்டேன். குப்பைக்குள்ளும் போய் அழித்துவிட்டேன்.

இது உன் கைக்கு வரும்போது பதினொன்றாம் தேதி தாண்டியிருக்கும். அதனால் போ என்றோ போகாதே என்றோ எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை. பிறந்ததிலிருந்து நான் ஒன்றும் செய்யாமல் இருக்கப்போகிற முதல் காரியம் இதுதான். அன்றைக்கு வகுப்புக்குப் போகாமல் கடற்கரையில் நடக்கலாம் என்றிருக்கிறேன்.

சாரோவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நான் தேடும்போது நீ முடிக்காதே, காத்திரு என்று. பாவம், உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு இருந்த அதே படபடப்பு அவள் முகத்தில். நேற்று மீன் என்ற சொல்லை நானே சொல்லி, முதல் முறையாக மீன் சாப்பிட்டேன். குடம்புளி இல்லாத மீன். இருந்தாலும் மீன்.

நீ வரவில்லை என்றாலும் நாம் பேசிக்கொண்டிருக்கலாம். அதை மட்டும் சொல்லிவிடத்தான் இந்தக் கடிதம்.

பிரிஜா


புதுக்கடை,
29 ஏப்ரல் 2025

ஏட்டி,

போனேன்.

குழித்துறையில் விடியற்காலை ரயில் ஏறியதிலிருந்து மே யாமோ சொல்லிப் பார்க்கவில்லை, பேர் சொல்லிப் பார்க்கவில்லை. சொல்லிப் பார்த்தால் நிற்கும் என்று தெரியும். அதே ஹால், அதே கண்ணாடி. இந்தத் தடவை உள்ளே ஒரு பெண். பெயர் என்றாள். நின்றது.

பின்னால் வரிசை. ஒருவர் இருமினார். கைக்குழந்தையோடு நின்ற ஒரு சேச்சி என் பைலை எட்டிப் பார்த்தாள், மேலே எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லிவிடலாம் என்று. நல்ல மனசுதான். நான் பைலைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். கண்ணாடிக்குள் இருந்த பெண், "எழுதித் தருமோ?" என்று ஒரு தாளை நீட்டினாள். எழுதினால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். வேண்டாம் என்று தலையாட்டினேன். காது சூடாகிவிட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருந்தும் அங்கேயே நின்றேன்.

வந்தது. பூ, பூ, பூ என்று மூன்று தடவை முட்டிவிட்டு, பூங்கனி.

அதற்கப்புறம் அப்பா பேர் கேட்டாள். ஐயப்பன், அது சுலபம். வேலை கேட்டாள், எதற்குப் போகிறாய் என்று கேட்டாள். எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டாள், பிரிஜா. நான் திக்கியதை எல்லாம் அவள் கேட்டுக்கொண்டு தட்டச்சு செய்தாள். வெளியே வந்து ஒரு கடையில் இரண்டு பழம்பொரி வாங்கித் தின்றேன். இரண்டாவது உனக்கு.

உன் நான்காம் தேதிக் கடிதம் ஒரு வாரம் கழித்து வந்தது. நீ எழுதியனுப்பியிருந்தால் அந்தப் பெண் என்னைக் கரிசனமாகப் பார்த்திருப்பாள். நான் சொன்னேனா, அவள் பொறுத்தாளா என்று கடைசி வரை எனக்குத் தெரிந்திருக்காது. நீ அழித்ததற்கு நன்றி.

பாஸ்போர்ட் நேற்று வந்துவிட்டது. விசா இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு இன்று காலை பதில் போட்டேன். மே முப்பது திருவனந்தபுரத்திலிருந்து கிளம்புகிறேன், மறுநாள் மாலை காதிஸ் ரயில் நிலையத்தில் இருப்பேன். ஞானபாயம்மா குடம்புளியும் கருவாடும் தருகிறேன் என்கிறார். கருவாட்டை விமானத்தில் விடுவார்களா என்று கேட்டுச் சொல். விடமாட்டார்கள் என்றால் அதை உன் அம்மாவிடம் நீயே சொல்.

இனி ஸ்பானிஷிலும் நான் திக்குவேன். அந்த மலைமேல் பேசியது மாதிரி வராது. எப்போதாவது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனால் வருகிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. ஸ்டேஷனில் என் பேர் எழுதிய அட்டையோடு நிற்காதே. வீட்டுக்குள் நுழையும்போது உன் சாரோ கேட்பாள். நீ வாயைத் திறக்கக்கூடாது. எனக்க பேரை நான் சொல்லுகேன்.

பூங்கனி


காதிஸ்,
13 மே 2025

ஏட்டி,

கருவாடு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் திட்டு வாங்கினேன். குடம்புளி கொண்டுவா, நிறைய.

சாரோ உனக்காகப் பக்கத்து அறைக்கு வெள்ளை அடிக்கிறாள். வருகிறவள் என் உயிர்த்தோழி, நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாக இருக்கிறோம், என்னைவிட நன்றாக ஸ்பானிஷ் பேசுவாள், திக்கும், மேயரோடு வேண்டுமானாலும் சண்டை போடுவாள் என்று எல்லாம் சொன்னேன். பேர் என்ன என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். ஐந்து நாளாக விடாமல் கேட்கிறாள். மரியாவா என்கிறாள், லட்சுமியா என்கிறாள். எதிர்வீட்டுக்காரியையும் சேர்த்துக்கொண்டுவிட்டாள். அவள் தேநீர் வைத்துக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தாள். எனக்கு நாக்கு நுனியில் வந்து வந்து போகிறது, நீ நம்பமாட்டாய்.

சொல்லவில்லை. இந்தத் தெருவே உன் பேரைக் கேட்கக் காத்திருக்கிறது. எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்.

பிரிஜா